கடைமடை மணலில் பாலைவன முறைச் சாகுபடி: 25 சென்ட்டுக்கான முழுமையான வழிகாட்டி

டெல்டா என்றாலே நெல் என்றுதான் பேச்சு. ஆனால் வேதாரண்யம், புஷ்பவனம், கோடியக்கரைப் பக்கமும், வடக்கே பூம்புகார், திருமுல்லைவாசல் பக்கமும் கடலை ஒட்டிக் கிடக்கும் மணல்மேடுகளுக்கு ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்தாலும் ஒன்றுதான், திறக்காவிட்டாலும் ஒன்றுதான். ஆற்றுத் தண்ணீர் அந்த மேட்டில் ஏறாது. குடத்தில் கொண்டுபோய் ஊற்றினால் நிற்காது.

மழைக் கணக்கில் இது பாலைவனம் இல்லை. ஜோத்பூரில் ஆண்டுக்குச் சுமார் 350 மில்லிமீட்டர்தான் பெய்கிறது. நம் கடலோரத்தில் 1200-ஐத் தாண்டும். ஆனால் அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். தை முதல் ஆடி வரை மணலும் காற்றும் உப்பும்தான். அந்த ஏழு மாதத்துக்கு ராஜஸ்தானிலும் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்திலும் செய்வதை இங்கேயும் செய்யலாம். ஒரு வித்தியாசத்தை மட்டும் மறக்கக் கூடாது. அவர்களுக்கு உப்பைக் கழுவ மழை கிடையாது. நமக்கு வருடா வருடம் இலவசமாக வருகிறது. பட்டம், தண்ணீர், உரம் எல்லாவற்றையும் இதை மனதில் வைத்தே திட்டமிட வேண்டும்.

கணக்கு எல்லாம் 25 சென்ட்டுக்கு. காரணம் உண்டு: 25 சென்ட் ஏறக்குறைய 1000 சதுர மீட்டர். அதில் 1 மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் 1000 லிட்டர். மனக்கணக்கிலேயே போட்டுவிடலாம்.

முதல் வேலை: உப்பை அளப்பது

குடிநீரில் கரைந்த உப்பைப் பார்க்கும் சின்ன டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள். அதில் 1000 என்று காட்டினால் இசி (தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவு, உப்பு கூடினால் இதுவும் கூடும்) பெரும்பாலும் 2 என்று பொருள், ஏனென்றால் மலிவு மீட்டர்கள் இசியைப் பாதியாக்கித்தான் காட்டுகின்றன. இசியையே காட்டும் மீட்டர் என்றால் 2000 மைக்ரோசீமன்ஸ் என்பது இசி 2. மோட்டார் போட்டவுடன் வரும் தண்ணீரைப் பிடித்துப் பார்க்காதீர்கள். இரண்டு மணி நேரம் ஓடவிட்டுக் கடைசியில் வருவதைப் பாருங்கள். வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் பார்ப்பீர்கள் என்றால் வைகாசியில் பாருங்கள். கார்த்திகையில் எல்லாக் கிணறும் இனிக்கும்.

மண்ணுக்கு: ஒரு பங்கு காய்ந்த மண், இரண்டு பங்கு ஆர்.ஓ. தண்ணீர், பாட்டிலில் போட்டு நன்றாகக் குலுக்கி, தெளிந்ததும் அளக்கலாம். இசி 1-க்குக் கீழ் இருந்தால் விதைக்கலாம். தாண்டினால் முளைப்பிலேயே அடி விழும். ஒரு தடவையாவது மண்ணையும் தண்ணீரையும் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். நாகை மாவட்டக்காரர்கள் சிக்கல் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம். காரத்தைக் காட்டும் பிஎச் 8.5-க்கு மேல் போனால் அது வெறும் உப்பேறிய உவர் இல்லை, சோடியம் மிகுந்த களர். உவர் தண்ணீரால் கழுவப்படும். களருக்கு ஜிப்சம் போட்டு, அதற்குப் பிறகு கழுவ வேண்டும். உவர் மணலில் ஜிப்சத்தைக் கொட்டுவது வீண் செலவு.

தண்ணீரின் இசியை ஒன்றரையால் பெருக்கினால், ஓரளவு வடிகால் உள்ள மண்ணில் வேர் சந்திக்கும் உப்பு கிடைக்கும். இசி 2 தண்ணீர் என்றால் வேருக்கு 3. பீன்ஸ் 1.0 வரையும், வெங்காயம் 1.2 வரையும், மிளகாய் 1.5 வரையும், தக்காளி 2.5 வரையும், நிலக்கடலை 3.2 வரையும் தாங்கும். தாண்டியபின் ஒவ்வொரு அலகுக்கும் தக்காளி சுமார் 10 சதவீத மகசூலை இழக்கிறது, வெங்காயம் 16, கடலை 29. கடலை கடைசி வரை திடமாக நின்று ஒரேயடியாகப் படுத்துவிடும் ரகம். இசி 2 தண்ணீரில் தக்காளி 5 சதவீதத்தோடு தப்பிக்கும், வெங்காயத்தில் கிட்டத்தட்ட 30 போய்விடும். வேதாரண்யம் மணலில் கடலையும் மாவும் முல்லையும் காலங்காலமாக நிற்பதற்கு மேல்தண்ணீர் இனிப்பாக இருப்பதுதான் காரணம். அந்தத் தண்ணீரைக் கெடுத்துக்கொண்டால் அவையும் நிற்காது.

தண்ணீர் எடுக்கும் விதம்

பாதித் தோல்வி இங்கேதான் நடக்கிறது. மணல்மேட்டுக்கு அடியில் மழைத்தண்ணீர், கடல்நீரின் மேல் மோர்மேல் எண்ணெய் போல மிதக்கிறது. நல்ல தண்ணீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். இதைத் திருப்பிப் பாருங்கள்: இறைத்து இறைத்து மேல்மட்டத்தை 1 அடி நிரந்தரமாக இறக்கிவிட்டால், அடியிலிருந்து உப்புநீர் 40 அடி மேலே வரப் பார்க்கும். 100 அடி போர் போட்டால் நேராக உப்புக்குள் குழாயை விட்டதாகத்தான் அர்த்தம். முதல் மாதம் இனிக்கும், மூன்றாம் மாதம் கரிக்கும். ஒருமுறை ஏறிய உப்பு பக்கத்து மனைக் கிணற்றையும் விடாது.

ஆகவே ஆழம் வேண்டாம், அகலம் வேண்டும். உறைக்கிணறு அல்லது சரிவான கரையுள்ள குட்டை நல்லது. பில்டர் பாயிண்ட் (மணலில் இறக்கும் வடிகட்டி முனைக் குழாய்) என்றால் ஒரே குழாயை ஆழமாக இறக்காமல் 15 முதல் 20 அடிக்குள் நான்கு குழாய், ஒவ்வொன்றுக்கும் 20 அடி இடைவெளி விட்டு, ஒரே பம்பில் சேருங்கள். ஆந்திரக் கடலோரம் பாபட்லா மணலில் 'தொருவு' என்று சொல்லும் குழிகளில் இதே தத்துவம்தான்: மேல்தண்ணீரை மட்டும் ஆடை எடுப்பதுபோல எடுப்பது. பம்பு அரை குதிரைத்திறன் போதும். மெதுவாக, நீண்ட நேரம் இறைப்பதே இங்கே சிக்கனம்.

மணலைக் கொஞ்சம் மண்ணாக்குவது

சுத்த மணல் ஒரு மீட்டர் ஆழத்தில் பயிருக்குக் கொடுக்கும்படி 50 முதல் 80 மில்லிமீட்டர் தண்ணீரைத்தான் பிடித்து வைக்கும். தக்காளியின் செயல்படும் வேர் முதல் ஒன்றரை அடியில். கோடையில் நாள் ஒன்றுக்கு 5 மில்லிமீட்டர் போகிறது. எத்தனை நாள் தாங்கும் என்று பார்த்தால், வாடாமல் இரண்டே நாள்.

இதை உயர்த்த டெல்டாவிடமே மருந்து இருக்கிறது. குளம், வாய்க்கால் தூர்வாரும்போது கிடைக்கும் வண்டல். ஹெக்டேருக்கு 100 டன் வரை போடலாம் என்பது பரிந்துரை. 25 சென்ட்டுக்கு 10 டன், அதாவது மூன்று நான்கு டிராக்டர் டிப்பர். தாசில்தார் அனுமதியோடு எடுங்கள். எடுக்கும் முன் அந்த வண்டலையும் மீட்டரில் அளந்துவிடுங்கள். கடல் ஏற்றம் வந்து போகும் வடிகால் ஆற்று வண்டல் பார்க்கக் கறுப்பாக, கொழுகொழுவென்று இருக்கும், உள்ளே உப்பு. அதோடு மக்கிய தொழுவுரம் இரண்டரை டன். தென்னை நார்க்கழிவு போடுவதானால் மக்கவைத்தது மட்டும். பச்சையாகப் போட்டால் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் அதுவே தின்றுவிடும். கடலோரக் கழிமுகத்தில் ஊறவைத்த மட்டையின் கழிவு என்றால் உப்பும் கூடவே வரும்.

பிறகு, பலரும் தவிர்க்கும் ஒரு வேலை: உருளை. நல்ல மழை பெய்து 24 மணி நேரம் கழித்து, 400 கிலோ கல் உருளையை நிலம் முழுக்கப் பத்து தடவை ஓட்டுங்கள். கல் உருளை கிடைக்காவிட்டால் காலித் தார் டிரம்மில் 400 கிலோ மணலை அடைத்து ஓட்டலாம். பின்பு மேலோட்டமாக ஒரு உழவு. மணலின் துளைகள் நெருங்கி, தண்ணீர் இறங்கும் வேகம் குறையும். காய்ந்த மணலில் ஓட்டினால் ஒன்றும் நடக்காது, டீசல்தான் போகும்.

காற்று

ஆனி, ஆடியில் மேல்காற்று மணலை வாரி இறைக்கும். மார்கழி, தையில் வாடையும் கொண்டலும் கடலின் உப்புத் தூவலைக் கொண்டுவரும். இளநாற்றின் தண்டு மணல் உரசலில் தரைமட்டத்தில் வெட்டுப்பட்டு விழும். பலர் அதைப் பூச்சி என்று நினைத்து மருந்தடிக்கிறார்கள்.

நிலைத்த தடுப்புக்குக் கடல் பக்கம் இரண்டு அல்லது மூன்று வரிசை சவுக்கு, வரிசை மாற்றி மாற்றி, 1 மீட்டர் இடைவெளியில். காற்றை முழுக்க அடைக்கும் சுவர் கூடாது. பாதி ஊடுருவும் வேலிதான் நீண்ட தூரம் காக்கும், உயரத்தைப் போல் 10 மடங்கு வரை நல்ல பலன் தெரியும். சுவர் என்றால் அதன் மேலேறிய காற்று பின்பக்கம் சுழன்று விழும். சவுக்கின் வேர் பாத்திக்குள் வராமல் இடையில் 2 அடி ஆழக் கால்வாய் எடுங்கள். சவுக்கு மட்டுமே வேண்டாம். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யத்தில் கரையேறியபோது உயர்ந்த மரங்கள் எப்படிப் படுத்தன என்பது இந்தப் பகுதிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இடையிடையே பனை, கீழே கிளுவை வேலி என்று உயரம் மாற்றி வையுங்கள்.

முதல் வருடத்துக்குக் கீற்றுத் தட்டி போதும். மூன்றடி உயரம், 5 மீட்டருக்கு ஒரு வரிசை, காற்றுக்குக் குறுக்கே.

சொட்டுநீர்: மணலுக்கு ஏற்ற அமைப்பு

சொட்டுநீரை 1965-இல் நெகேவில் ஹட்செரிம் குடியிருப்பில் தொழிலாகத் தொடங்கியபோது அவர்களுக்கும் தண்ணீர்ப் பற்றாக்குறையும் உப்பும்தான் பிரச்சினை. களிமண்ணில் ஒரு சொட்டு பக்கவாட்டில் பரவும். மணலில் நேராகக் கீழே இறங்கும். டிரிப்பருக்கு (டியூபில் சொட்டு விழும் வாய்க்கு) அடியில் நனையும் வட்டம் ஓரடி, ஒன்றேகால் அடிதான். ஆகவே நன்செய் ஓரத் தோட்டத்தில் போடும் 60 சென்டிமீட்டர் இடைவெளி டியூபை இங்கே போட்டால் நடுவில் செடி காயும்.

நிலம் 40-க்கு 25 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 16 மில்லிமீட்டர் இன்லைன் டியூப், 30 சென்டிமீட்டருக்கு ஒரு டிரிப்பர், மணிக்கு 2 லிட்டர். 1.2 மீட்டருக்கு ஒரு வரிசை என்றால் 20 வரிசை, 800 மீட்டர் டியூப், சுமார் 2,660 டிரிப்பர். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் மணிக்கு 5,300 லிட்டர் கேட்கும், நம் மேல்தண்ணீர் தாங்காது. ஐந்து ஐந்து வரிசையாக நான்கு வால்வாகப் பிரியுங்கள். ஒரு வால்வுக்கு மணிக்கு 1,330 லிட்டர். ஒரு மணி நேரம் ஓடினால் அந்தப் பகுதிக்கு 5 மில்லிமீட்டர். அதையும் ஒரே மூச்சில் கொடுக்காதீர்கள், காலை அரை மணி, மாலை அரை மணி. ஒரே மூச்சில் கொடுத்தால் பாதி வேருக்குக் கீழே போய்விடும், உரத்தையும் இழுத்துக்கொண்டு.

நடவு முடிந்த முதல் பத்து நாள் நாளுக்கு 2 மில்லிமீட்டர் போதும். பூ விடும்போது 4, காய் பருக்கும்போது 5.

பில்டரில் 120 மெஷ் திரை. குட்டைத் தண்ணீர் என்றால் பாசி வரும், அதற்கு முன்னால் மணல் பில்டரும் வேண்டும். வாரம் ஒருமுறை டியூபின் கடைசி மூடியைத் திறந்து, தண்ணீர் தெளியும்வரை ஓடவிடுங்கள். மாதம் ஒருமுறை தலைப்பில் ஒரு டிரிப்பருக்கும் கடைக்கோடியில் ஒரு டிரிப்பருக்கும் கீழே பாட்டிலைப் புதைத்து 15 நிமிடம் பிடியுங்கள். அரை லிட்டர் வர வேண்டும். கடைக்கோடியில் 400 மில்லிக்குக் கீழே போனால் அடைப்பு. அணிலும் எலியும் டியூபைக் கடிப்பது பசியால் இல்லை, தாகத்தால். வரப்பில் இரண்டு சட்டியில் தண்ணீர் வைத்தால் கடி குறையும்.

சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. சிட்டா, அடங்கல், நில வரைபடம், தாசில்தார் தரும் சிறு குறு விவசாயி சான்று கையில் இருக்கட்டும். மானியக் கம்பெனியின் வடிவமைப்பில் டிரிப்பர் இடைவெளி 30 சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

உப்புக் கணக்கு

இசி 2 தண்ணீர் ஒரு லிட்டரில் சுமார் 1.28 கிராம் உப்பு. நாளுக்கு 5,000 லிட்டர் என்றால் 6.4 கிலோ. 90 நாளில் 576 கிலோ. கால் ஏக்கரில் அரை டன்னுக்கு மேல் உப்பை நீங்களே கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள். செடி தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு உப்பைக் கீழே விட்டுவிடும்.

அதைத் தள்ள, பயிர் கேட்பதற்கு மேல் கொஞ்சம் தண்ணீர் கொடுக்க வேண்டும். கணக்கு இது: தண்ணீர் இசியை, 'பயிர் தாங்கும் அளவின் 5 மடங்கு கழித்தல் தண்ணீர் இசி' என்பதால் வகுங்கள். தக்காளிக்கு 2 வகுத்தல் (12.5 கழித்தல் 2), அதாவது 0.19. கொடுக்கும் தண்ணீரில் 19 சதவீதம் வேரைத் தாண்டிக் கீழே போக வேண்டும். 5 மில்லிமீட்டர் தேவைக்கு 6.2 கொடுக்க வேண்டும். இந்த உபரியை தினமும் கொடுப்பதைவிட, பத்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு வால்வையும் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் கூடுதலாக, இரவில், ஓடவிடுவது மேல்.

சொட்டுநீரில் உப்பு ஈர வட்டத்தின் விளிம்பில், வெள்ளை வளையமாகச் சேரும். செடி வட்டத்தின் நடுவில், டிரிப்பரை ஒட்டியே இருக்க வேண்டும். இன்னொரு பொறி: சித்திரையில் ஒரு சின்ன மழை, அரை அங்குலம் பெய்யும். எல்லோரும் மகிழ்ந்து மோட்டாரை நிறுத்துவார்கள். அந்த மழை விளிம்பு உப்பை நேராக வேருக்குள் கழுவிவிடும். மறுநாள் வெயிலில் வயல் முழுக்கத் துவண்டு நிற்கும். சிறு மழை பெய்யும்போது மோட்டாரைப் போட வேண்டும், நிறுத்தக் கூடாது. கேட்க வேடிக்கையாக இருக்கும், பாலைவனக்காரர்களின் வழக்கம் இது.

நடவு, உரம், மூடாக்கு

தக்காளியை மார்கழிக் கடைசியில், மழை ஓய்ந்ததும் நடுங்கள். பங்குனிக்குள் பறித்துவிட வேண்டும், 35 டிகிரிக்கு மேல் பூ நிற்காது. 60 சென்டிமீட்டருக்கு ஒரு செடி என்றால் 1,300 செடி. தர்பூசணி என்றால் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை டியூபை மூடி, 90 சென்டிமீட்டருக்கு ஒரு செடி, சுமார் 440. நிலக்கடலைக்கு இந்த அமைப்பு பொருந்தாது, வரிசைகளுக்கு இடையே நனையாது. அதற்கு மழைத்தூவான் போட வேண்டும், உப்புத் தண்ணீர் என்றால் இரவில் மட்டும், பகலில் தெளித்தால் இலை கருகும். 40, 45-ஆம் நாள் மண் அணைக்கும்போது 25 சென்ட்டுக்கு 40 கிலோ ஜிப்சம். இங்கே ஜிப்சம் சுண்ணாம்புச்சத்துக்காக, கழுவுவதற்கு இல்லை.

வீரிய ஒட்டு அல்லாத ரகத் தக்காளிக்கு அடியுரமாக சூப்பர் பாஸ்பேட் 62 கிலோ. யூரியா மொத்தம் 33 கிலோவை மேலுரமாக இரண்டு தடவை வீசுவது களிமண் பழக்கம். மணலில் அடுத்த பாசனத்தில் போய்விடும். 12 வாரத்துக்குப் பிரித்து, வாரம் இரண்டேமுக்கால் கிலோ, சொட்டுநீர் வழியாக, பாசனத்தின் நடுப்பகுதியில் கொடுங்கள். சாம்பல்சத்துக்கு மூரியேட் பொட்டாஷ் வேண்டாம், அதில் குளோரைடு இருக்கிறது, உப்பின்மேல் உப்பு. சல்பேட் ஆஃப் பொட்டாஷ் 10 கிலோ, அதையும் பிரித்து.

மண்ணை மூடும் மூடாக்குக்கு பிளாஸ்டிக் ஷீட்டை விட வைக்கோல் நமக்குச் சுலபம். 500 கிலோ பரப்பலாம். கரையான் இருந்தால் தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுங்கள்.

புதைபானை

ஓரங்களில் வைக்கும் முருங்கை, சுரை, பூசணிக்கு பானை போதும். மெருகு போடாத 10 லிட்டர் மண்பானை, அடியில் ஓட்டை கூடாது, கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி புதைத்துச் சுற்றி நான்கு விதை. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். வெளியே கசியும் வேகம் செடி குடிப்பதைப் பொறுத்து மாறும். சட்டியால் மூடி வையுங்கள், கொசு வரும். உப்புத் தண்ணீரில் இரண்டு பருவத்தில் துளைகள் அடைந்துவிடும். அடைந்த பானையைத் தோண்டி, சுரண்டி, வெயிலில் காயவைத்தால் பாதி உயிர் திரும்பும்.

எது எதனால்

பழைய இலையின் ஓரம் மட்டும் கருகி உள்ளே வந்தால் உப்பு. மண் ஈரமாக இருந்தும் நண்பகலில் துவண்டால் அதுவும் உப்பு, அல்லது நூற்புழு. ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள், வேரில் மணிமணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு. மணலில் அதுதான் ராஜா. நடவுக்கு முன் வேப்பம்புண்ணாக்கு 25 கிலோ, அடுத்த பருவம் அதே இடத்தில் செண்டுமல்லி. தக்காளியின் அடிப்பக்கம் கறுத்துக் குழிந்தால் நோய் இல்லை. சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை. ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக விட்டிருப்பீர்கள். மருந்துக் கடைக்குப் போகும் முன் பாசன நேரத்தைச் சரிசெய்யுங்கள்.

பேரீச்சை வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். உப்பைத் தாங்கும், உண்மை. ஆனால் காய் பழுக்கும்போது காய்ந்த காற்று வேண்டும். நம் கடலோர ஈரக்காற்றில் பழம் அழுகும். மரத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் ஒன்று வையுங்கள், தோப்பாக வேண்டாம்.

அறுவடைக்குப் பின்

சித்திரையில் செடியைப் பிடுங்கியதும் டியூபைச் சுருட்டும் முன் ஆசிட் கழுவல். ஒரு வாளியில் 10 லிட்டர் தண்ணீர் எடுத்து, ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைச் சிறிது சிறிதாக விட்டு, லிட்மஸ் தாளில் இல்லாமல் பிஎச் தாளில் பார்த்து, 4 வருவதற்கு எவ்வளவு ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த விகிதத்தில் குழாய் முழுக்க நிரப்பி 24 மணி நேரம் விட்டு, மூடிகளைத் திறந்து கழுவுங்கள். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. பாசிக்குக் குளோரின் போட்ட அன்று ஆசிட் போடவே கூடாது, விஷவாயு வரும்.

ஆடிக் கடைசியில் சாரல் விழுந்ததும் பசுந்தாள் உரத்துக்குக் கொளுஞ்சி விதை 2 கிலோ. விதைத்தோல் கெட்டி; 55 டிகிரி வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் முக்கி எடுத்து விதையுங்கள். ஆடு மாடு அவ்வளவாகத் தொடாது. ஐப்பசி நடுவில் பூக்கும்போது மடக்கி உழுதுவிடுங்கள்.

உடனே நிலத்தைச் சுற்றி ஓரடி வரப்பு. ஓரடி மண்ணிலிருந்து உப்பில் சுமார் 80 சதவீதத்தைக் கழுவ ஓரடித் தண்ணீர் அதன் வழியே இறங்க வேண்டும்; இரண்டடி மண்ணுக்கு 600 மில்லிமீட்டர். ஒரு நல்ல ஐப்பசி, கார்த்திகை அதைக் கொடுத்துவிடும். 2004 சுனாமியில் கடல் ஏறிய மணல் நிலங்கள் களிமண் வயல்களைவிடச் சீக்கிரம் தேறியது இப்படித்தான். ஆனால் தண்ணீர் இறங்க இடம் வேண்டும். பள்ளத்தில் நிலத்தடி நீரே தரை வரை வந்து நின்றால் ஒன்றும் கழுவப்படாது, உப்பு அப்படியே மிதந்து மேலே வரும். அப்படிப்பட்ட இடத்தில் வரப்புக்குப் பதில் இரண்டடி ஆழ வடிகாலும் மேட்டுப்பாத்தியும் எடுங்கள். மார்கழி பிறந்ததும் ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு கைப்பிடி மண் எடுத்து, பாட்டிலில் குலுக்கி அளங்கள். 1-க்குக் கீழ் வந்திருந்தால் நாற்றங்காலுக்குத் தண்ணீர் விடலாம்.